காயிலை மாத்தறதுக்கு முன்னாடி, இடம் மாத்திப் பாருங்க

அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல்ல நிக்கும்போது ஸ்டீயரிங் லேசா நடுங்குது. ஐடிலிங்ல இன்ஜின் ஒரு அடி விட்டு ஒரு அடி அடிக்குது. பாடி மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் இழுவை இல்ல. டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல இன்ஜின் படம் போட்ட லைட். வண்டியை ஒர்க்‌ஷாப்ல விட்டா, பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடும்: "மிஸ்ஸிங் சார். காயில் போயிருக்கும்."

அது சரியாகவும் இருக்கலாம். ஆனா "போயிருக்கும்" என்பது யூகம்தான். அதை "போயிருக்கு" என்று உறுதிப்படுத்த 20 நிமிஷமும் ஒரு 10 எம்எம் ஸ்பேனரும் போதும். பல கார்களில் அவ்வளவுதான் தேவை. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது, அது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிப்பவர்களுக்கு மட்டும் இல்ல, வீட்டில் ஒரு பெட்ரோல் வண்டி இருக்கும் எல்லோருக்கும் இது உதவும்.

மிஸ்ஃபயர் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று விஷயம் சேர வேண்டும். சரியான விகிதத்தில் பெட்ரோலும் காற்றும், அதை அமுக்கப் போதுமான கம்ப்ரஷன், சரியான நேரத்தில் ஒரு வலுவான ஸ்பார்க். இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டரில் கலவை எரியாது, அல்லது அரைகுறையாக எரியும். அதற்குப் பெயர்தான் மிஸ்ஃபயர். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க்‌ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க். 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை ஸ்பார்க் கொடுக்கிறது. 4 சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டர் செத்தால் வேலை செய்பவர்களில் நாலில் ஒருவர் லீவு. 3 சிலிண்டர் சின்னக் காரில் மூன்றில் ஒருவர் லீவு. அதனால்தான் சின்னக் காரில் உதறல் இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஆவடியில் ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் செய்யும் டாங்கிகளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவை டீசல் இன்ஜின். காற்றை அமுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பிளக்கும் இல்ல, இக்னிஷன் காயிலும் இல்ல. டீசல் வண்டி மிஸ்ஸிங் அடித்தால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம்தான் தேட வேண்டும். இங்கே நாம் பேசுவது பெட்ரோல் வண்டி மட்டும்.

சரி, எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று இசியுவுக்கு எப்படித் தெரியும்? சிலிண்டருக்குள் கேமரா எதுவும் இல்ல. கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் போதும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி ஆகும். 4 சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் தள்ளிவிடும். அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒரு தள்ளு. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த அரைச் சுற்று மட்டும் கொஞ்சம் தாமதமாகும். யாருடைய முறையில் தாமதம் வந்தது என்று எண்ணினால் குற்றவாளிச் சிலிண்டர் தெரிந்துவிடும். 1-வது சிலிண்டர் என்றால் கோடு பி0301, 2-வது என்றால் பி0302. எந்தச் சிலிண்டர் என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் பி0300.

கவனியுங்க. பி0302 என்ற கோடு "2-வது சிலிண்டர் எரியவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. "2-வது காயில் போச்சு" என்று சொல்லவில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்பது அந்தக் கோடுக்குத் தெரியாது. கோடு படிக்கிற இடத்தில் நம்மில் பலர் தாவிவிடுவது இந்த இடத்தில்தான்.

ஏன் உடனே கவனிக்கணும்?

எரியாத பெட்ரோலும் ஆக்ஸிஜனும் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகும். வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது ஏற்கனவே நெருப்பாகச் சூடாக இருக்கும். அங்கே போய் அந்தப் பெட்ரோல் எரிந்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான செராமிக் பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால், ஒரு காயிலின் விலையும் ஒரு கன்வெர்ட்டரின் விலையும் மடுவும் மலையும் மாதிரி.

அதனால்தான் கார்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் "சீக்கிரம் காட்டு" என்று அர்த்தம். விட்டு விட்டுச் சிமிட்டினால் "கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்குது" என்று அர்த்தம். சிமிட்டும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் "எப்படியாவது ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைக்காதீங்க.

காயிலுக்குள்ளே என்ன நடக்குது?

பாடி பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு "லூகாஸ் ஸ்டாப்பிங்" தெரியாமல் இருக்காது. அந்தப் பெயர் 1961-இல் டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து ஆரம்பித்த லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியால் வந்தது. வண்டிகளுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் சாமான் எல்லாம் செய்யும் கம்பெனி. நாம் தினமும் கடந்து போகும் ஒரு ஸ்டாப்பிங்கின் பெயருக்குப் பின்னால் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே தொழில்நுட்பம் இருக்கிறது.

தத்துவம் 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். 1836-இல் அயர்லாந்தில் நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார் முதல் இண்டக்‌ஷன் காயிலைச் செய்தார். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910 மாடல் கேடிலாக் காரில் வந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி வரைக்கும் ஓடியது அதே கெட்டரிங் முறைதான். ஒரு காயில், ஒரு கான்டாக்ட் பாயின்ட், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். இன்றைக்குக் கான்டாக்ட் பாயின்ட் இடத்தில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. தத்துவம் மாறவில்லை.

காயிலுக்குள் ஒரு இரும்பு மையம், அதன்மேல் இரண்டு சுற்று. பிரைமரியில் தடித்த கம்பி, கொஞ்சம் சுற்று. செகண்டரியில் முடி மாதிரி மெல்லிய கம்பி, சுமார் 100 மடங்கு அதிகச் சுற்று. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம், நிரப்புவது. இசியு பிரைமரியை 12 வோல்ட்டுடன் சில மில்லி விநாடி இணைக்கிறது. கரண்ட் படிப்படியாக ஏறுகிறது. காந்தப் புலத்தில் ஆற்றல் சேருகிறது.

இரண்டாவது கட்டம், வெட்டுவது. ஸ்பார்க் வேண்டிய நொடியில் இசியு கரண்டைச் சட்டென்று வெட்டுகிறது. காந்தப் புலம் சரிகிறது. பிரைமரியில் 300 முதல் 400 வோல்ட் வரை எழும்புகிறது. 100 மடங்கு சுற்று இருப்பதால் செகண்டரியில் 30,000 முதல் 40,000 வோல்ட் வரை போக முடியும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பிரைமரி இண்டக்டன்ஸ் 3 மில்லி ஹென்றி, ரெசிஸ்டன்ஸ் 0.6 ஓம், 12 வோல்ட், 3 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்க. முதல் வருஷத்தில் படித்த ஆர்-எல் சர்க்யூட் சூத்திரத்தில் போட்டால் கரண்ட் சுமார் 9 ஆம்பியர் வரும். சேர்ந்த ஆற்றல், இண்டக்டன்ஸை கரண்டின் வர்க்கத்தால் பெருக்கி அதில் பாதி. அதாவது சுமார் 0.12 ஜூல். இதில் முக்கியம் அந்த "வர்க்கம்". கரண்ட் 20 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 36 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் பேட்டரி டெர்மினல் லூஸாக இருப்பது, எர்த் வயர் பச்சை பிடித்திருப்பது மாதிரி சின்ன விஷயம்கூட ஸ்பார்க்கைப் பெரிதாகப் பலவீனப்படுத்தும்.

ஏன் மேம்பாலம் ஏறும்போது மட்டும்?

பல பேருக்குக் குழப்பம் இங்கேதான் வரும். ஐடிலிங்கில் ஓரளவு ஓடுகிறது, ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங். அப்போ பெட்ரோல் வரவில்லையா? ஃபில்டரா?

பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பது இடைவெளியையும் அங்கிருக்கும் வாயு அழுத்தத்தையும் பொறுத்தது. 1889-இல் பாஷன் சொன்ன விதி இது. வெளிக்காற்றில் 1 மில்லிமீட்டரைத் தாண்ட சுமார் 3000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறக்கிறது, அதிகக் காற்று போகிறது, கம்ப்ரஷன் அழுத்தம் ஏறுகிறது, தேவையான வோல்டேஜும் ஏறுகிறது.

நல்ல காயிலுக்கு அந்தத் தேவையைத் தாண்டிக் கொஞ்சம் மிச்சம் கையிருப்பு இருக்கும். உள்ளே இன்சுலேஷன் விரிசல் விட்ட காயில், குறைந்த வோல்டேஜில் சமாளிக்கும். வோல்டேஜ் ஏறியதும் மின்சாரம் பிளக் வழியாகப் போகாமல் அந்த விரிசல் வழியாக எர்த்துக்கு ஓடிவிடும். தண்ணி நிறைய வரும்போது மட்டும் ஒழுகும் ஓட்டைக் குழாய் மாதிரிதான்.

இதே காரணத்தால் இன்னொரு அறிகுறியும் உண்டு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நன்றாக இருக்கும். அரை மணி நேரம் சி.டி.எச். ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்த பிறகு உதற ஆரம்பிக்கும். சூட்டில் விரிசல் விரியும். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸும் ஏறும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி போனால் கிட்டத்தட்ட 27 சதவீதம் ஏற்றம். 0.6 ஓம் இருந்தது 0.76 ஓம் ஆகும். கரண்ட் குறையும், ஆற்றல் இன்னும் வேகமாகக் குறையும். ஆனா ஜாக்கிரதை. சூடானதும் வரும் மிஸ்ஸிங் எல்லாம் காயில்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா போதாதா?

லேபில் நமக்கு முதலில் கை போவது மல்டிமீட்டருக்குத்தான். பிரைமரி ரெசிஸ்டன்ஸ் பாரு, செகண்டரி ரெசிஸ்டன்ஸ் பாரு, மேனுவல் அளவோடு ஒப்பிடு. கம்பி அறுந்திருந்தால் இது பிடித்துவிடும். அதனால் செய்வதில் தப்பில்லை.

ஆனா "அளவு சரியா இருக்கு, காயில் நல்லா இருக்கு" என்று சொல்ல முடியாது. மீட்டர் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியால் அளக்கிறது. காயில் வேலை செய்வது பல்லாயிரம் வோல்ட்டில். 20,000 வோல்ட்டில் மட்டும் ஒழுகும் விரிசல் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. அதோடு மேஜைமேல் ஆறிப்போன காயிலை அளக்கிறோம். பிரச்சினை சூட்டில்தான் வருகிறது. மேலும் இப்போது பல காயில்களுக்குள்ளேயே டிரான்சிஸ்டரும் டையோடும் இருப்பதால் செகண்டரியை மீட்டரால் அளக்கவே முடியாது.

அப்போ எந்த மீட்டர் வேண்டும்? பக்கத்துச் சிலிண்டர்தான் அந்த மீட்டர்.

இடம் மாத்தும் சோதனை

ஒவ்வொரு பிளக் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் கார்களுக்கு இது. இன்றைய பெட்ரோல் கார்களில் இதுதான் அதிகம். எல்லாக் காயிலும் ஒரே பார்ட் நம்பர் என்பதுதான் நமக்கு வசதி.

1. முதலில் ஸ்கேனர் போட்டுக் கோடைப் படிங்க. போனோடு இணையும் சின்ன ஓபிடி அடாப்டர் இருந்தாலும் போதும். கோடையும், அது பதிவானபோது ஆர்பிஎம், லோட், இன்ஜின் சூடு எவ்வளவு என்பதையும் எழுதி வைங்க. எழுதுவதற்கு முன்னால் அழிக்காதீங்க. அழித்தால் சாட்சியும் போய்விடும்.

2. இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து, கொஞ்சம் ஆற விடுங்க. காயிலைச் சுற்றியிருக்கும் மண், தூசியை ஊதிச் சுத்தம் பண்ணுங்க. பிளக் கழற்றும்போது ஒரு கல் உள்ளே விழுந்தால் புதுப் பிரச்சினை ஆரம்பம்.

3. சந்தேகச் சிலிண்டரின் காயிலைக் கழற்றி, பிளக் குழியைப் பாருங்க. தண்ணி இருக்கா? ஆயில் இருக்கா? காயிலின் ரப்பர் பூட்டில் பென்சிலில் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கா? இருந்தால் மின்சாரம் அந்த வழியாக ஒழுகியிருக்கிறது.

4. 2-வது சிலிண்டரில் கோடு என்றால், 2-வது காயிலையும் 3-வது காயிலையும் இடம் மாத்துங்க. பிளக்கைத் தொடாதீங்க, வயரைத் தொடாதீங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதுதான் இந்தச் சோதனையின் உயிர்.

5. கோடை அழிச்சுட்டு, முன்னால் எந்த நிலையில் மிஸ்ஸிங் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்க. சூடானதும்தான் வரும் என்றால் சூடாக்குங்க. லைட் சிமிட்டினால் உடனே நிறுத்திடுங்க.

6. திரும்பக் கோடைப் படிங்க. பி0303 ஆக மாறியிருந்தால், பிரச்சினை காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. காயில்தான் குற்றவாளி. நிரூபிச்சாச்சு. மறுபடியும் பி0302 என்றே வந்தால், காயில் நிரபராதி. அதற்குக் காசு செலவு பண்ணாதீங்க.

7. காயில் நிரபராதி என்றால் அடுத்து பிளக்கை இதே மாதிரி இடம் மாத்துங்க. பிளக்கோடு நகர்ந்தால் பிளக். அப்பவும் 2-வது சிலிண்டரிலேயே நின்றால், அந்த இடத்துக்கே உரிய ஏதோ ஒன்று: கனெக்டர், வயர், இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். கனெக்டரில் 12 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று பார்ப்பது, இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, கம்ப்ரஷன் கேஜ் வைப்பது என்ற வரிசையில் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் புடுங்கி, எதைப் புடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. இன்றைய வண்டியில் அதைச் செய்யாதீங்க. ஷாக் அடிக்கும். அதைவிட, போக வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலுக்குள்ளேயே திரும்பி இன்சுலேஷனையும் டிரான்சிஸ்டரையும் அடித்துவிடும். நல்ல காயிலை நாமே சாகடித்த மாதிரி ஆகும். அதே சோதனை வேண்டும் என்றால், ஸ்கேனரில் சிலிண்டரை ஆஃப் பண்ணும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. இல்லாவிட்டால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது பாதுகாப்பானது.

பைக்ல பக்கத்துச் சிலிண்டர் இல்லையே?

நம்மில் பாதிப் பேர் ஓட்டுவது ஒற்றைச் சிலிண்டர் பைக்தான். ஒர்க்‌ஷாப்பில் அந்தக் காயிலை "எச்.டி. காயில்" என்பார்கள். இடம் மாத்த இன்னொரு சிலிண்டர் இல்ல. அதனால் நன்றாக ஓடும் அதே மாடல் பைக்கின் காயிலைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் சமமான சோதனை. ஹாஸ்டல் பார்க்கிங்கில் ஒரே மாடல் வண்டி இரண்டாவது கிடைப்பது கஷ்டமா என்ன?

அதற்கு முன் ஒரு பொதுவான பொறி. பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, இன்ஜின் மேல் வைத்துக் கிக் அடிப்போம். நீலமாகப் பொறி வந்தால் "கரண்ட் நல்லா வருது" என்று முடிவு பண்ணுவோம். பாஷன் விதியை ஞாபகம் வைங்க. வெளிக்காற்றில் 0.8 மில்லிமீட்டரைத் தாண்ட சில ஆயிரம் வோல்ட் போதும். அதே பிளக் சிலிண்டருக்குள் அதைவிடப் பல மடங்கு கேட்கும். வெளியே பொறி வந்தது என்பதால் உள்ளேயும் வரும் என்று அர்த்தம் இல்ல. அதற்காகத்தான் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் விற்கிறார்கள். வெளிக்காற்றில் 6 அல்லது 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் சுமார் 20,000 வோல்ட் வருகிறது என்று அர்த்தம். எவ்வளவு இடைவெளி வைக்கலாம் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்க. பிளக்கைக் கையில் பிடிக்காதீங்க. திறந்த பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் பொறியை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீங்க.

காயில் செத்தது சரி, ஏன் செத்துச்சு?

குற்றவாளி கிடைத்ததும் கேஸை மூடக்கூடாது. காரணம் சரியாகாவிட்டால் புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

முதல் சந்தேகம் பிளக். ஓட ஓட எலக்ட்ரோடு தேய்ந்து இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் தேவையான வோல்டேஜ் கூடும். காயில் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் உச்சத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். விநாடிக்கு 25 தடவை. தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் காயில் மட்டும் போடுவது, பஞ்சர் ஒட்டிட்டு ஆணியை டயரிலேயே விட்ட கதை.

இரண்டாவது ஆயில். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தால் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கும். ரப்பர் பூட் ஊறி இன்சுலேஷன் போகும். கேஸ்கெட்டையும் சேர்த்து மாத்தணும்.

மூன்றாவது தண்ணி. இது நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தண்ணி நின்றது ஞாபகம் இருக்கும். பிளக் குழியில் தண்ணி தேங்கினால் உயர் வோல்டேஜ் பிளக்குக்குள் போகாமல் வெளிப்பக்கமாகவே எர்த்துக்குத் தாவும். இதில் காயில் செத்திருக்க வேண்டும் என்பதே இல்ல. காயிலைக் கழற்றி, குழியையும் பூட்டையும் நன்றாக உலர்த்தினாலே சரியாகிவிடலாம். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணியை நேராக இன்ஜின் மேல் அடித்தாலும் இதே நிலைதான். ஆனா வண்டி தண்ணியில் மூழ்கியிருந்தால் இது வேறு விஷயம். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணி போயிருந்தால், ஸ்டார்ட் பண்ண முயற்சித்தாலே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். மூழ்கின வண்டிக்குச் சாவி போடாதீங்க, டோ பண்ணுங்க.

ஒர்க்‌ஷாப்ல எப்படிக் கேட்கலாம்?

சண்டை போட வேண்டாம். 20 வருஷ அனுபவம் இருக்கும் ஒருவரின் யூகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனா கேட்பது நம் உரிமை. "அண்ணா, மாத்தறதுக்கு முன்னாடி பக்கத்துச் சிலிண்டர் காயிலோட ஒருவாட்டி மாத்திப் பார்த்துடலாமா?" நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பல பேர் ஏற்கனவே பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். புதுக் காயில் போட்டால் கழற்றின பழைய காயிலைக் கேட்டு வாங்குங்க. பிளக் மாத்தினால் எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்து மாத்துங்க. காயில் விஷயத்தில் செத்தது ஒன்று என்றால் ஒன்று போதும். புதுப்பேட்டையில் பழைய காயில் மலிவாகக் கிடைக்கும். ஆனா அது எவ்வளவு சூட்டில் எத்தனை வருஷம் ஓடியது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைக்கு மாட்டிப் பார்க்க உதவும். நிரந்தரமாக மாட்ட அது நம்பகமில்லை.

மூணு கேஸ், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க

கேஸ் 1. 4 சிலிண்டர் கார், தனித்தனிக் காயில். கோடு பி0302. 2-வது, 3-வது காயில்களை இடம் மாத்தியதும் பி0303. யார்? காயில். கூடவே பிளக் இடைவெளியையும் அளந்து பாருங்க.

கேஸ் 2. கொஞ்சம் பழைய 4 சிலிண்டர் கார். ஒரே காயில் பேக், அதிலிருந்து 4 வயர். பி0301-உம் பி0304-உம் சேர்ந்து வருகிறது. இந்த வகையில் 1-வது, 4-வது சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரு காயில், 2-வது, 3-வதுக்குச் சேர்த்து இன்னொரு காயில். ஒரே காயிலின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் ஸ்பார்க் வரும். இரண்டு பிளக் ஒரே நாளில் சாவது அபூர்வம். ஜோடியாகச் செத்தால் பொதுவாக இருக்கும் காயிலையோ, அதற்கு வரும் சிக்னலையோ முதலில் சந்தேகப்படணும். இரண்டு பாதிகளின் பிரைமரி ரெசிஸ்டன்ஸை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு ஆரம்பிங்க. மாறாக பி0301 மட்டும் வந்தால், அந்த ஒரு வயரும் ஒரு பிளக்கும்தான் முதல் சந்தேகம்.

கேஸ் 3. 3 சிலிண்டர் கார். பி0301. காயில் மாத்திப் பார்த்தும் பி0301. பிளக் மாத்திப் பார்த்தும் பி0301. கம்ப்ரஷன் கேஜில் 2-வது, 3-வது சிலிண்டர்கள் 11 பார், 1-வது 5 பார். இப்போ தெரியும், பிரச்சினை வால்வ் அல்லது ரிங் பக்கம். இந்தக் காருக்கு மூன்று புதுக் காயில் போட்டிருந்தாலும் உதறல் அப்படியே இருந்திருக்கும், பில் மட்டும் ஏறியிருக்கும்.

இந்த முறை காயிலோடு முடிவதில்லை. லேபில் சென்சார் ரீடிங் தப்பாக வந்தாலும், ப்ராஜெக்ட் போர்டில் ஒரு மோட்டார் மட்டும் சுற்றாவிட்டாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். நல்ல ஒன்றோடு இடம் மாத்தினால் பிரச்சினை கூடவே நகருதா, அங்கேயே நிக்குதா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, வந்த பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் கடைக்குப் போங்க.